மணியக்காவின் எட்டு வாட்

போத்தனூரில் ரயில்வே காலனிக்குப் பின்புறம் யூஜின் என்பவர் வால்வு ஆம்ப்ளிஃபையர்கள் செய்துவந்தார். ஊரே கைபேசியில் பாட்டுக் கேட்கும் காலத்திலும், கண்ணாடி வால்வுகள் ஒளிரும் அந்தப் பெட்டிகளைத் தேடிச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். கையில் இருப்பதை முடிக்காமல் அடுத்ததை அவர் ஒப்புக்கொள்வதில்லை.

அவருக்கு ஒரே ஒரு மாணவி. அவரைவிடப் பதினெட்டு வயது மூத்தவர். பெயர் மரகதமணி.

மரகதமணி கோவையில் கணபதி பகுதியில் பம்புசெட் கம்பெனி நடத்தியவர். வார்ப்படத்துக்கு மரத்தில் அச்சு செதுக்கும் பேட்டர்ன் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே கை தேர்ந்து, பிறகு சொந்தமாகப் பம்பு செய்யத் தொடங்கினார். பல்லடம், உடுமலைப் பக்கம் எந்தத் தோட்டத்தில் நின்று கேட்டாலும் அவர் பம்பு ஓடும் சத்தம் கேட்கும் என்று சொல்வார்கள். அதை அவரும் சொல்வார்.

கம்பெனியை மகளிடம் ஒப்படைத்த மறுவாரமே போத்தனூரில் வந்து நின்றார்.

"எனக்கு ஆம்ப் செய்யக் கத்துத் தரணும்."

"எதுக்குங்க?" என்றார் யூஜின்.

"பாட்டுக் கேக்கத்தான்."

"கடையிலயே கிடைக்குதுங்களே."

"கடையில கிடைக்கறது போதும்னு நினைச்சிருந்தா நான் பம்பே செஞ்சிருக்க மாட்டேனுங்க."

யூஜின் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அன்றிலிருந்து மரகதமணி அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டார். யூஜின் மணியக்கா என்று கூப்பிட்டார்.

சர்க்யூட் கற்றுக்கொண்டிருக்கும்போதே மரகதமணி தன் வீட்டில் ஒரு ஜோடி ஸ்பீக்கர் செய்யத் தொடங்கிவிட்டார். மரத்தில் செதுக்கிய பெரிய கூம்புகள். தொண்டை கைக்குள் அடங்கும். வாய் கல்யாணப் பந்தி அண்டாவைவிட அகலம். பம்புக்கு நத்தை ஓடு போல வளைவு செதுக்கிய அதே உளிகளால் அவற்றையும் செதுக்கினார். உள் வளைவில் விரல் வைத்தால் எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று தெரியாது.

யூஜின் வந்து அளந்து பார்த்தார். சாதாரணப் பெட்டி ஸ்பீக்கர் அறுபது வாட் வாங்கிக்கொண்டு தரும் சத்தத்தை இந்தக் கூம்பு ஒரே வாட்டில் தந்தது.

மீட்டரை அவர் இன்னொரு முறை பார்த்தார். பிறகு கூம்பின் விளிம்பைக் கையால் தடவிவிட்டு, "அக்கா, இந்த மாதிரி நான் பார்த்ததில்லீங்க" என்றார்.

மரகதமணி அதைத் தன் மகளிடம் சொன்னார். பக்கத்து வீட்டில் சொன்னார். பால்காரரிடமும் சொன்னார்.

கோவையில் இசைக் கருவிகளில் பித்துப் பிடித்தவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை அவிநாசி சாலையில் ஒரு மண்டபத்தில் கூடுவார்கள். அவரவர் செய்ததை, வாங்கியதைக் கொண்டுவந்து போட்டுக் காட்டுவார்கள். அந்த ஆண்டு மரகதமணியும் பெயர் கொடுத்தார். அந்தச் சங்கத்தில் தானே ஒன்றைச் செய்துகொண்டு வந்த பெண் அதுவரை யாரும் இல்லை.

கேள்விப்பட்டு, கிரிதரன் என்பவர் அவர் வீட்டுக்கு வந்தார். வெளிநாட்டு ஆம்ப்ளிஃபையர்களைத் தருவித்து விற்பவர். சங்கத்தில் பெரிய ஆள். கூம்புகளைச் சுற்றி வந்தார்.

"இதுக்கு நம்ம இருநூறு வாட் ஆம்பை வையுங்க மேடம். நானே அனுப்பறேன். அப்பத்தான் நாலு பேர் திரும்பிப் பார்ப்பாங்க. இல்லேன்னா மர வேலைன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க."

'மர வேலை' என்ற வார்த்தை மரகதமணியைக் குத்தியது. மறுநாள் காலை போத்தனூர் போனார்.

"மாஸ்டர், என் கூம்புக்கு எத்தனை வாட் ஆம்ப் வைக்கலாம்?"

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

"கிரிதரன் இருநூறு தர்றேங்கறார். பெருசா வெச்சாத்தானே கூம்புக்கு மரியாதை?"

யூஜின் கையிலிருந்த சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் வைத்தார்.

"பத்தடியில தண்ணி கிடக்கற கிணறு. அதுக்கு இருபது எச்பி மோட்டார் கேட்டு ஒரு விவசாயி உங்க கம்பெனிக்கு வர்றார். என்ன செய்வீங்க?"

"திருப்பி அனுப்பிருவேன். ரெண்டு நிமிஷத்துல கிணத்தை உறிஞ்சிட்டுக் காத்தை இழுக்கும். அப்புறம் என் மோட்டாரைத்தான் திட்டுவான்."

"பக்கத்துத் தோட்டத்துக்காரன் இருபது வெச்சிருக்கான்னு சொன்னாருன்னா?"

"அவன் கிணறு வேறன்னு சொல்லுவேன்."

யூஜின் சால்டரிங் அயர்னை மறுபடி கையில் எடுத்தார்.

மரகதமணிக்கு விளங்கியது. ஆனால் கிரிதரன் சொன்ன 'மர வேலை' இன்னும் காதில் இருந்தது.

"அது தண்ணி, மாஸ்டர். இது பாட்டு" என்றார்.

"சரிங்க. அந்த ஆம்பை வரவழைங்க. ஞாயித்துக்கிழமை வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆட்கள் மூச்சு வாங்கத் தூக்கிவந்து ஆம்பை இறக்கினார்கள். கூடத்தில் பாதி மேசையை அது அடைத்தது. யூஜினும் தன் காரில் ஒரு பழைய பெட்டி ஸ்பீக்கர் ஜோடியைக் கொண்டுவந்து வராந்தாவில் வைத்திருந்தார். அது எதற்கு என்று மரகதமணி கேட்கவில்லை.

ஆம்பைக் கூம்புகளோடு இணைத்தார்கள். வால்வுகள் சூடேறி ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தன. மரகதமணி இசைத்தட்டை எடுத்தார்.

"பாட்டு வேண்டாங்க்கா. உட்காருங்க."

"பாட்டு இல்லாம எதைக் கேக்கறது?"

"கேளுங்க."

இருவரும் உட்கார்ந்தார்கள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கூம்புகளிலிருந்து ஓர் இரைச்சல் கேட்டது. தூரத்தில் கரும்பு ஆலை ஓடுவதுபோல அடியில் ஓர் உறுமல். அதன்மேல் அடுப்பில் எண்ணெய் காய்வதுபோல ஒரு சீறல். கேட்கக் கேட்க அது கூடமெங்கும் நிறைந்தது.

மரகதமணி எழுந்தார். கூம்பின் பின்னால் போய்த் திருகுகளைத் தொட்டுப் பார்த்தார். ஒட்டிய மூட்டுகளைத் தட்டிப் பார்த்தார். அடுத்த கூம்புக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் முகம் சின்னதாகியிருந்தது.

"எங்கியோ தப்புப் பண்ணிட்டேன், மாஸ்டர்."

யூஜின் ஆம்பை அணைத்தார். வராந்தாவிலிருந்த பெட்டி ஸ்பீக்கர்களை எடுத்துவந்து அதே ஆம்போடு இணைத்தார். மறுபடி போட்டார்.

இரைச்சல் இல்லை. இப்போது அவரே இசைத்தட்டை வைத்தார். சுவர் அதிரப் பாட்டு வந்தது. நன்றாக இருந்தது. மரகதமணியாலேயே குறை சொல்ல முடியவில்லை.

"நல்ல ஆம்ப்தான்" என்றார் யூஜின்.

"அப்ப அந்த இரைச்சல்?"

"இப்பவும் இருக்குதுங்க. இந்தப் பெட்டிக்குக் காது மந்தம். அதனால தெரியல. உங்க கூம்புக்குத் தெரியுது."

"அப்ப என் கூம்புல தப்பு இல்லியா?"

"எறும்பு ஊர்ற சத்தம் கேக்குதுன்னு ஒருத்தர் சொன்னா, அவர் காதையா டாக்டர்கிட்டக் காட்டுவீங்க?"

மரகதமணி திரும்பிக் கூம்புகளைப் பார்த்தார். சபையில் தன் பிள்ளை எழுந்து உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டதுபோல இருந்தது அவருக்கு. அன்று மத்தியானம் யூஜினுக்கு இலை போட்டு, தானே நின்று பரிமாறினார்.

இருநூறு வாட் வந்த வழியே திரும்பிப் போனது. "மாஸ்டர் வேற ஒண்ணு செய்யச் சொல்லிட்டாருங்க" என்று மட்டும் கிரிதரனுக்குப் போனில் சொன்னார். கிரிதரன் சரி என்றார். அந்தச் சரியில் வருத்தம் இருந்தது.

பிறகு மரகதமணி போத்தனூருக்குச் சில நாள் வரவில்லை. வந்தபோது கையில் ஒரு சின்ன ஆம்ப் இருந்தது. சாப்பாட்டுக் கேரியர் அளவு. தனியாகவே செய்திருந்தார்.

"ரெண்டே வாட், மாஸ்டர். பெருசு ஆகாதுன்னா சின்னதுதானே சரி? கூம்பு வெச்சிருக்கற பெரிய ரசிகர்கள் எல்லாம் இதைத்தான் கும்பிடறாங்களாம்."

"கேட்டீங்களா?"

"கேட்டேன். ஒரு இரைச்சல் இல்லை. கிணத்தடி மாதிரி அமைதி. பாட்டுல அந்தம்மா மூச்சு இழுக்கறதுகூடக் கேட்டுது. எனக்கு அழுகையே வந்திருச்சு."

யூஜின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சால்டர் வைத்த இடமெல்லாம் நீர்த்துளிபோல் பளபளத்தது.

"வாங்க, உங்க வீட்டுக்குப் போலாம்" என்றார். கிளம்பும்போது அலமாரியிலிருந்து ஒரு தவில் இசைத்தட்டை எடுத்துக்கொண்டார்.

முதலில் மரகதமணி விரும்பிய பாட்டைப் போட்டார்கள். அவர் சொன்னது உண்மை. அந்தப் பாடகி கூம்புகளுக்கு நடுவே வந்து உட்கார்ந்துவிட்டாள். யூஜின் கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார்.

பிறகு தவிலைப் போட்டார்.

தொடக்கத்தில் விரல்கள் மட்டும் பேசின, அழகாக இருந்தது. நடை ஏறியது. வாத்தியக்காரர் கையை ஓங்கி முதல் பெரிய அடி கொடுத்த இடத்தில் இரண்டு வாட்டின் பலம் தீர்ந்து, தவில் காணாமல் போனது. சாக்கு மூட்டையைக் குச்சியால் அடித்ததுபோல ஒரு சத்தம். அடுத்த அடியும் அப்படியே. அதற்கடுத்ததும்.

மரகதமணி வேகமாக எழுந்து ஒலியைக் குறைத்தார்.

"இந்த அளவுக்கு வெச்சுக்கிட்டாப் போதும், மாஸ்டர்."

"தவில்காரர் எதிர்ல வந்து உட்கார்ந்தா, கொஞ்சம் மெதுவா அடிங்கன்னு சொல்வீங்களா?"

மரகதமணி ஒலிக் குமிழிலிருந்து கையை எடுத்தார். ஆம்பை அணைத்தார். அது ஆறும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு ஒயரைக் கழற்றினார்.

"எதுதான் சரி, மாஸ்டர்? நேராச் சொல்லிருங்களேன்."

"கூம்புதான் ரெண்டு தடவை சொல்லிருச்சே. அது சொன்னதைச் செய்யலாம் வாங்க."

எட்டு வாட்டுக்குத் திட்டம் போட்டார்கள். கூம்புக்கு ஒரு பெரிய வால்வு. வால்விலிருந்து கூம்புக்குப் போகும் டிரான்ஸ்ஃபார்மர்தான் கடினமான பகுதி. வால்வும் கூம்பும் ஒத்துப்போவது அதன் சுற்றில்தான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான மோட்டாருக்குக் கம்பிச் சுருள் சுற்றிய கை என்று மரகதமணி அதைத் தானே எடுத்துக்கொண்டார்.

முதலில் சுற்றியதை யூஜின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பம்புக்கு இது தாராளமாப் போதுங்க."

மரகதமணியின் காது சிவந்தது. முழுவதையும் பிரித்தார். மறுபடி சுற்றினார். மறுபடி பிரித்தார். கம்பி அறுந்தது; சுற்றுக்கு நடுவே வைக்கும் காகிதம் ஒருபக்கம் விலகியது. ஒருநாள் மகள் போனில் கூப்பிட்டு, "கம்பெனியில இவ்வளவு கஷ்டப்பட்டதில்லியேம்மா" என்றாள். "கம்பெனியில என்னைத் திருப்பி அனுப்ப ஆள் இல்லை கண்ணு" என்றார் மரகதமணி.

ஆம்ப் முடிந்த அன்று கூம்புகளுடன் இணைத்து, பாட்டில்லாமல் உட்கார்ந்தார்கள். சுவர்க்கடிகாரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தவில் போட்டார்கள். கூடத்தின் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. தவில் தவிலாகவே இருந்தது.

யூஜின் தட்டு முடியும்வரை கேட்டார். கடைசியில், "இதை நான் செஞ்சேன்னு யாராச்சும் தப்பாச் சொன்னா, நான் மறுக்க மாட்டேனுங்க" என்றார்.

அதை மரகதமணி யாரிடமும் சொல்லவில்லை.

கூட்டத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. கூம்புகளை உள்ளே கொண்டுவந்தபோதே பேச்சு நின்று எல்லோரும் பார்த்தார்கள். நடுவில் மரகதமணி தன் ஆம்பை வைத்தார். முன்வரிசையில் கிரிதரன் உட்கார்ந்திருந்தார்.

"எத்தனை வாட்டுங்க மேடம்?" என்று கேட்டார்.

"எட்டுங்க."

"எட்டா? என் போன் சார்ஜரே இருபது வாட்டுங்க!"

மண்டபம் சிரித்தது. பின்சுவரில் சாய்ந்து நின்ற யூஜின் சிரிக்கவில்லை. மரகதமணியைப் பார்த்தார். மரகதமணி சுவிட்சைப் போட்டுவிட்டு, நிதானமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

நேரம் போனது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஒருவர் இருமினார்.

"எப்பங்க ஆன் பண்ணுவீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆன்லதானுங்க இருக்குது."

கேட்டவர் நம்பவில்லை. எழுந்துவந்து கூம்பின் வாய்க்குள் தலையை விட்டார். அப்படியே நின்றார். வெளியே எடுத்தபோது பக்கத்திலிருந்தவரை அவரே கையசைத்துக் கூப்பிட்டார். அவரும் தலையை விட்டார். மூன்றாவதாக ஒருவர் வந்தார். சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

யூஜின் முன்னால் வந்து, ஆம்பின் பின்பக்கம் ஒரு மீட்டரை மாட்டிவிட்டு அதன் அருகிலேயே நின்றார். மரகதமணி இசைத்தட்டில் ஊசியை வைத்தார்.

பாடகி மூச்சை இழுத்தாள். முன்வரிசையில் ஒரு பெரியவர், யாரோ மேடைக்கு வந்துவிட்டதாக எண்ணித் தன்னை அறியாமல் நேராக உட்கார்ந்தார். பாட்டு முடியும்வரை ஒரு கைபேசிகூட மேலே எழவில்லை. அடுத்துத் தவில். முதல் பெரிய அடி விழுந்தபோது பின்வரிசையில் ஒருவர் "ஆஹா" என்று வாய்விட்டுச் சொன்னார். மண்டபத்துச் சமையல்காரர்கள் கரண்டியோடு வாசலில் வந்து நின்றார்கள்.

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. மரகதமணி எழுந்து நின்று கும்பிட்டார். ஐம்பத்தாறு வயதில், பட்டறையில் முதல் அச்சை வார்ப்படக்காரர் ஏற்றுக்கொண்ட நாளில் நின்றதுபோல நின்றார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"மேடம், கிரிதரன் சாரோட இருநூறு வாட்டை இந்தக் கூம்புல போட்டுப் பார்த்தீங்களாமே. அது எப்படிங்க இருந்துது?"

மண்டபம் அமைதியானது. கிரிதரனின் வாடிக்கையாளர்கள் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். கிரிதரன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரும்பு ஆலை, எண்ணெய்ச் சீறல், போன் சார்ஜர் எல்லாம் மரகதமணியின் நாக்கு நுனிக்கு வந்தன. ஒரு வார்த்தை போதும். மண்டபம் இன்னொரு தடவை சிரித்திருக்கும்.

"அது நல்ல ஆம்புங்க" என்றார் மரகதமணி. "என் மாஸ்டரும் அதைத்தான் சொன்னார். அதுக்குச் சரியான ஸ்பீக்கர் வேற. இதுக்கு இது."

கிரிதரன் நிமிர்ந்தார். சற்று நேரம் கழித்து எழுந்து முன்னால் வந்தார். தரையிலேயே, கூம்புக்கு நேராக, சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தத் தவிலை இன்னொரு தடவை போடுங்க மேடம்" என்றார்.

சாயங்காலம் கூம்புகளை டெம்போவில் ஏற்றிக் கயிறு கட்டினார்கள். டிரைவர் பக்கத்தில் யூஜினும், ஜன்னலோரம் மரகதமணியும் உட்கார்ந்தார்கள். ஆம்பை மட்டும் மரகதமணி பின்னால் ஏற்றவிடவில்லை, மடியில் வைத்திருந்தார். அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

லட்சுமி மில் சிக்னலில் வண்டி நின்றது.

"மாஸ்டர், மீட்டர் வெச்சுப் பார்த்துட்டே இருந்தீங்களே. பாட்டுக்கு எவ்வளவு போச்சு?"

"அரை வாட்கூட இல்லீங்க."

"தவிலுக்கு?"

"பெரிய அடி விழறப்ப மட்டும் ஆறைத் தொட்டுச்சு. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள இறங்கிருச்சு."

மரகதமணி மடியிலிருந்த ஆம்பைப் பார்த்தார்.

"அப்ப மீதியெல்லாம் வரவே இல்லை. வெளிய வராத பலம் எதுக்குங்க மாஸ்டர்?"

சிக்னலில் பச்சை விழுந்தது. வண்டி நகர்ந்தது.

"அந்த ஆள் மண்டபத்துல எழுந்து கேட்டப்ப, உங்ககிட்ட ஒரு பதில் இருந்துச்சே" என்றார் யூஜின். "சொல்லாம வெச்சுக்கிட்டீங்களே. அது எதுக்குங்க்கா?"

மரகதமணி மடியிலிருந்த ஆம்பை இரு கையாலும் அணைத்துக்கொண்டார். வீடு வரும்வரை முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார்.